பசறைக் கடைவீதியும் பற்றுக் கொப்பியும்



பதுளையிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்படும் பஸ் வண்டி, வளைவுகள் பலவற்றைச் சுற்றியிறங்கி, ஒரு மணி நேரம் நிறைவதற்கு முன்னரே பசறைப் பட்டினத்தை அடைந்துவிடும். அங்கிருந்து ஒரு பெருந்தெரு லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று நீண்டு மட்டக்களப்புச் சீமையிலுள்ள செங்கலடியில் முடிகின்றது. மற்றொன்று மொனராகலைக்குச் செல்கின்றது. ஒரு பக்கம் நமுனுகலை மலை முகில் மூடி நிற்கும். மறுபக்கம் மடுல்சீமை மலைத்தொடர். நடுவே கோணகெலை, எல்டெப் முதலிய தேயிலைத் தோட்டங்கள். இத்தோட்டங்களின் மக்களும், சூழவுள்ள சிங்களக் கிராமங்களின் மக்களும், பட்டினத்து முஸ்லிம் வணிகரும் நாள்தோறும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் பசறைக் கடைவீதி.

அவ்வீதி விழித்தெழும் ஓசை எனக்கு நன்கு பழக்கமானது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பழைய கடைகளின் பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். பலகைகள் மாறிப் போகாதிருக்க அவற்றின் உட்புறத்தில் ஒன்று, இரண்டு என்று சுண்ணாம்பினால் இலக்கமிட்டிருப்பார்கள். சிறிது நேரத்தில் புதிய கடைகளின் இரும்புக் கதவுகள் கடகடவென மேலே சுருண்டேறும். இந்த இரண்டு ஓசைகளுக்குமிடையில் நடைபெறும் போட்டியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். பாடசாலை அதிபருக்குக் கடை வியாபாரத்தில் என்ன அலுவல் என்று நேயர்கள் கேட்கலாம். என் மாணவருள் பாதிப்பேர் அக்கடைகளில் கடன் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள். சிலர் கடன் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகள். மாதத்தின் இருபதாம் திகதிக்குப் பின்னர் வகுப்பறையில் பிள்ளைகளின் வரவு குறைவதற்கும் கடைவீதிக்கும் உள்ள தொடர்பை என் வரவுப் பதிவேடு ஆண்டுதோறும் எனக்குக் காட்டிவருகின்றது.

நம் ஊரில் பலசரக்குக் கடைகளை எண்ணத் தொடங்கினால் இரண்டு கைவிரல்களும் போதா. ஒரே அரிசி, ஒரே கோதுமை மா, ஒரே பருப்பு, ஒரே நெத்தலிக் கருவாடு. அப்படியிருக்க இவர்கள் ஏன் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே வீதியில் நிற்கிறார்கள்? அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹரல்ட் ஹொட்டலிங் என்பார் 1929ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு விடை கூறினார். ஒரு நேர்த்தெருவின் இரு முனைகளிலும் இரண்டு கடைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கடைக்காரனும் மற்றவனுடைய வாடிக்கையாளர் சிலரைத் தன்பக்கம் இழுப்பதற்காகத் தன் கடையைச் சிறிது நடுவே நகர்த்துவான். மற்றவனும் சும்மா இருப்பானா? அவனும் நகர்த்துவான். இறுதியில் இருவரும் நடுத்தெருவில் அடுத்தடுத்து நிற்பார்கள். பசறையில் அந்த நடுத்தெரு என்பது பஸ் நிலையத்தை ஒட்டிய இடம். எல்லாத் தோட்டங்களின் வண்டிகளும் அங்கேதான் ஆட்களை இறக்குகின்றன. மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் பாண்டியன் தலைநகரில் இருந்தன. நமது அங்காடிக்குத் தலைநகரம் வேண்டியதில்லை. ஒரு பஸ் நிலையம் இருந்தாற் போதும்.

ஆனால் மலையகத்துக் கடைக்கு ஹொட்டலிங் அறியாத ஒரு வரலாறு உண்டு. அவருடைய தெருவில் வாங்குவோன் தன் விருப்பப்படி எந்தக் கடைக்கும் செல்லலாம். நம் முன்னோர் அவ்வாறு செல்ல முடியாதிருந்தனர். கங்காணியிடம் பட்ட கடன் எழுதப்பட்ட ஒரு சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அக்கடனை வேறொரு தோட்டம் தீர்த்தாலன்றித் தொழிலாளி இடம் மாற இயலாது. 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அம்முறை ஒழிக்கப்பட்டது. அரிசியையோ தோட்டமே வழங்கிக் கூலியிற் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசிக் கப்பல்கள் நின்றபின் பங்கீடு வந்தது. கூட்டுறவுக் கடைகள் பெருகின. 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தோன்றியது. நம் மக்கள் 'கூப்பன் கடை' என்றழைத்தது அந்தக் காலத்துப் பங்கீட்டுக் கடையையே. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைத் தோட்டத்து முதியோர் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவர். 1979இல் பங்கீட்டுப் புத்தகத்தின் இடத்தை உணவு முத்திரை பிடித்துக்கொண்டது. அதன்பின் ஏழையின் சமையலறைக்கும் சந்தைக்கும் இடையில் எஞ்சி நின்றது சந்திக் கடையும் அதன் பற்றுக் கொப்பியுமே.

அக்கொப்பியோடு எனக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் லயத்திலிருந்து இறங்கினால் சந்தியில் ஒரேயொரு கடை. கொப்பி கடையிலேயே இருக்கும். நாங்கள் வாங்கியவற்றை முதலாளி அதில் எழுதுவார். சம்பள நாளன்று அம்மா என்னையும் அழைத்துச் சென்றார். முதலாளி கூட்டிச் சொன்ன தொகையை அம்மா தலையசைத்து ஏற்றுக்கொண்டார். நான் எட்டிப் பார்த்து மனத்திற் கூட்டினேன். தொகை சரிதான், வரிகள்தாம் சரியில்லை. நாங்கள் வாங்காத இரண்டு இறாத்தல் சீனியும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் அங்கே எழுதப்பட்டிருந்தன. வாய் திறக்கப் போனேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தார். வீடு திரும்பும் வழியில் அவர் சொன்ன சொற்களை அப்படியே தருகின்றேன்: "கூட்டிப் பாக்குறதெல்லாம் பள்ளிக்கூடத்துல பாரு. அந்த ஆளு நாளைக்கு அரிசி இல்லேன்னா நீயா குடுக்கப் போற?"

அம்மாவுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. கொழுந்துக் கூடையின் நிறையை மேசையருகே நின்று அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வேறு கடை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; அவ்வளவுதான்.

ஈராண்டுகள் கழிந்தபின் பட்டினத்து முஸ்லிம் அன்பர் ஒருவர் அதே சந்தியில் இரண்டாவது கடையைத் திறந்தார். விலையை அவர் பெரிதாகக் குறைக்கவில்லை. இரண்டு கொப்பி வைத்தார். ஒன்று கடையில், ஒன்று வாங்குபவர் கையில். வாங்கும்போதெல்லாம் இரண்டிலும் ஒரே வரி எழுதப்படும். இது ஒரு சிறிய காரியம். ஆனால் சில மாதங்களுக்குள் எங்கள் பழைய முதலாளியும் கட்டுக்கட்டாகக் கொப்பி வாங்கி வந்து வீடுவீடாகக் கொடுத்தார். எங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழியிட்டு அம்மாவின் பெயரை அழகாக எழுதியிருந்தார். சீனியும் எண்ணெயும் தாமாக முளைக்கும் வழக்கம் அன்றோடு நின்றது. அதிகாரியும் வரவில்லை, சட்டமும் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தது. பின்னாளில் பல்கலைக்கழகத்தில் போட்டியின் இயல்பைப் பற்றி விரிவுரையாளர் கரும்பலகையில் வளைகோடுகள் வரைந்தபோது, எனக்கு அந்தக் கொப்பிதான் கண்முன் நின்றது.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்தக் கிழமையில் எங்கள் சந்தியிலும் நெருப்பு மூண்டது; பழைய முதலாளியின் கடை பேரேட்டோடு சாம்பலாயிற்று. அவர் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பதை அறிந்து, சில வாரங்கள் கழித்து அம்மா எங்கள் கொப்பியை எடுத்துக்கொண்டு சென்றார். யார் கேட்கப் போகிறார்கள் என்று பக்கத்து லயத்தவர் சிலர் கூறினர். "நம்ம கணக்கு நம்ம கையில இருக்குல்ல" என்று மட்டும் அம்மா சொன்னார். முன்னர் சீனியும் எண்ணெயும் எழுதியவரும் அவரேதான் என்பதை நான் நினைவூட்ட முயன்று, ஒரு பார்வையில் அடங்கிப்போனேன்.

அதே 1983ஆம் ஆண்டில்தான் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் கார்கில்ஸ் நிறுவனம் தன் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. அந்நிறுவனம் 1844இல் தொடங்கப்பெற்றது. அதே 1844இல், டிசம்பர் 21ஆம் திகதி, இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுவத்தியும் கொண்டு ஒரு சிறு கடையைத் திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் வித்து அது. ஏழை நெசவாளரால் நடத்தப்பட்ட அக்கடை கடன் கொடுப்பதில்லை என்பதைத் தன் முதல் விதிகளுள் ஒன்றாக வைத்திருந்தது. ஏழையைக் கட்டிப்போடுவது கடனே என்று அவர்கள் கண்டிருந்தனர். நம் கூப்பன் கடை அந்தப் பரம்பரையில் வந்ததாயினும், தோட்டத்து மக்கள் மாதக் கடைசியில் கடன் கிடைக்கும் இடத்தையே நாடினர். மாதத்துக்கு ஒருமுறை கூலி பெறுபவன் நாளுக்கு மூன்று முறை உண்ண வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை ரொச்டேல் விதியால் மட்டும் நிரப்பிவிட முடியாது.

சுயசேவை என்னும் முறையோ 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவரின் 'பிக்லி விக்லி' கடையில் பிறந்தது. அதற்கு முன்னர் எங்கும் நம் பழைய கடைமுறைதான். வாங்குபவர் மேசைக்கு இப்பால் நிற்பார். கடைக்காரர் அப்பால் நின்று எடுத்துக் கொடுப்பார். பசறைக்கு இம்முறை வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. இன்று நம் வீதியில் சிறு கடைக்காரர் சிலரே முன்மேசையை அகற்றி, இரும்புத் தட்டுகள் நிறுத்தி, பிளாத்திக்குக் கூடை கொடுத்து, கணினியில் பற்றுச்சீட்டு அடிக்கின்றனர். 'செலவுச் சாமான்' என்று நம் மக்கள் வழங்கும் பொருள்களைக் கையால் தொட்டு, விலையைத் தாமே படித்து எடுக்கலாம் என்பது சிறு மகிழ்ச்சியன்று. மேசைக்கு அப்பால் நிற்பவர் வாங்குபவரின் சேலையைப் பார்த்து, நல்ல பருப்பா சாதாரண பருப்பா என்று தாமே முடிவு செய்யும் வழக்கத்தை நான் நேரிற் கண்டவன். இரும்புத் தட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எனினும் பழைய கடைக்காரர் தோற்றுப்போகவில்லை. அவர் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பார். ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், கால் போத்தல் எண்ணெய், இரண்டு வெற்றிலை, ஒரு சவர்க்காரத்தில் பாதி. அதற்கு அவர் காகிதத்தைச் சுருட்டி மடிக்கும் திறமையை எந்தக் கணினியும் கற்கவில்லை. ஒருமுறை எனக்குக் கிடைத்த மிளகுச் சுருளை வீட்டில் விரித்தபோது, அது என் பாடசாலையின் பழைய வரலாற்று விடைத்தாளாக இருந்தது. கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றிய விடைக்குப் பத்துக்கு மூன்று புள்ளி. திருத்தியவர் நானே. மறுநாள் காகித விற்பனையைப் பற்றி அலுவலக உதவியாளரோடு சிறிது உரையாட நேர்ந்தது.

இனி விலைக் கணக்குக்கு வருவோம். பதுளையிலுள்ள பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் மலிவாக வாங்கலாமே, சிறு கடையில் ஏன் ஏமாறவேண்டும் என்று படித்தவர் கேட்பதுண்டு. மாதம் 20,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பதுளையில் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைவென்று வைத்தாலும் மிச்சம் 1,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. வேலை நாளில் பதுளைக்குப் போனால் ஒரு 'பேர்' போய்விடும். அதாவது அந்த நாளுக்குப் பெயர் விழாது. மிச்சம் பிடித்ததிலும் இழந்தது பெரிது. பஸ் கட்டணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால், அன்று வாங்கக் கையில் ரொக்கம் இருக்கவேண்டும். ரொக்கம் இருப்பது பத்தாம் திகதியளவில் சம்பளம் வந்தபின் சில நாட்களுக்கே. ஆகவே சிறு கடையில் சற்று மிகுதியாகக் கொடுக்கும் விலையை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு பகுதி பஸ் கட்டணம். ஒரு பகுதி கடனுக்கான வட்டி. வட்டி எவ்வளவு என்று எழுதப்படாதிருப்பதே அதன் குறை.

இந்த வட்டியின் மறுபக்கத்தை 2022ஆம் ஆண்டில் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் கூடியிருந்தது. மண்ணெண்ணெய் ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகத் தாவியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. கணினிகள் இருண்டிருந்த அந்த மாலைகளில், கணக்கெழுதும் கொப்பிக்கு ஒரு மெழுகுவத்தி போதுமாயிருந்தது. 400 கிராம் பால்மாப் பொதியைப் பிரித்துக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குச் சிறு சிறு பொட்டலமாகக் கொடுத்த கடையொன்றை நான் அறிவேன். பதுக்கி வைத்து இருட்டில் இரட்டை விலைக்கு விற்ற கடையொன்றையும் அறிவேன். இரண்டும் சிறு கடைகளே. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். சிறியவரெல்லாம் நல்லவரென்று நான் வாதாடப்போவதில்லை.

அக்காலத்தில் மொத்த வியாபாரிகள் சிறு கடைக்காரருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினர். நேற்றுவரை ஒரு மாதத் தவணைக்குச் சரக்கு அனுப்பியவர், இன்று பணத்தை முன்னதாகக் கேட்டார். வாங்கும் பக்கம் கடன் நின்றது. விற்கும் பக்கம் கொப்பி நீண்டுகொண்டே போனது. இந்த இரண்டு தாடைகளுக்கும் நடுவே சிக்கிய கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கும் தம் மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கொழும்பில் வேலைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். நான் தடுத்தேன். அவர் தம் கொப்பிகளை மேசையில் விரித்தார். அக்கொப்பிகளில் கடன்பட்டிருந்தோரின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். அநேகர் என் மாணவரின் பெற்றோர். மூன்று பக்கம் தள்ளி என் ஆசிரியர் ஒருவரின் பெயர். அவரிடம் பணம் கேளுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகனை நிறுத்துங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. பரீட்சை முடியும்வரை பொறுக்கும்படி மட்டும் கேட்டேன். பையன் பரீட்சை எழுதினான். கடை மறு ஆண்டு கைமாறியது. அங்கே இன்று வேறொருவர் கண்ணாடிக் கதவு வைத்துச் சுயசேவைக் கடை நடத்துகிறார்.

ஆகவே போட்டி நல்லதா என்று என்னைக் கேட்டால், எதில் போட்டி என்று நான் திருப்பிக் கேட்பேன். விலையில் நடக்கும் போட்டியைக் காட்டிலும் கணக்கில் நடக்கும் போட்டியே நம் மக்களுக்கு வேண்டியது என்பது என் கருத்து. விலைப் பட்டியலை யாவரும் காணத் தொங்கவிடவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கூறுவது. நம் வீதியில் அதைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளும் உண்டு. பட்டியலின்மேல் கற்பூரப் பெட்டி விளம்பரத்தைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளும் உண்டு. தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பவர் மிகக் குறைவு. பார்த்தால் முதலாளி மனம் வருந்துவார் என்ற தயக்கம். காலாவதித் திகதியைப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளிடம் ஓரளவு வந்திருக்கிறது. விஞ்ஞான ஆசிரியை ஒருவர் வெற்றுப் பொதிகளைச் சேகரிக்கச் சொல்லி அதைப் பழக்கினார். கணித பாடத்தில் நானும் ஒரு பயிற்சி வைத்தேன். ஐம்பது கிராம் பொதிகளாக இருபது வாங்குவதற்கும் ஒரே கிலோப் பொதியாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் வீட்டுக் கொப்பியைக் கொண்டே கணக்கிட்டு வரவேண்டும். சில வீடுகளிலிருந்து கொப்பி வந்தது. சில வீடுகளிலிருந்து, கொப்பியைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்ற பதில் வந்தது. அந்தப் பதிலை நான் நன்கு விளங்கிக்கொண்டேன். அப்பிள்ளைகளுக்கு நானே ஒரு கற்பனைக் கொப்பி எழுதிக் கொடுத்தேன்.

இப்பொழுது சந்திக் கடையில் அம்மா வாங்கிய வரிகளைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைக் காண்கிறேன். கடைக்காரரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த கடைக்காரர் எடுக்கவிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

கண்ணாடிக் கதவுக் கடையைப் பற்றி ஒரு சொல். திறந்த புதிதில் 'கடன் இல்லை' என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். அப்பலகை இன்றும் இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் இருபத்திரண்டாம் திகதி, பணப்பையை வீட்டில் மறந்துவிட்டு நான் அங்கு நின்றபோது, கணினிக்குக் கீழேயுள்ள இழுப்பறையிலிருந்து நீல அட்டைக் கொப்பியொன்று வெளியே வந்தது. ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. "சேர், உங்களுக்கும் ஒரு பக்கம் போடட்டுமா?" என்று அந்த இளைஞர் கேட்டார். போடச் சொன்னேன். எனக்கும் ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.